வெளியாளக் கூட்டி வந்து தலைவராக்கினா சனம் ஏன் முதல்ல கை தட்டி பேந்து ஏசுது?

தம்பி, நீங்க கேட்டத எனக்கு விளங்கின மாதிரி ஒருக்காத் திருப்பிச் சொல்லுறன். ஒரு கட்சி தனக்குள்ள 20, 30 வருசம் உழைச்ச ஆக்கள விட்டுட்டு வெளியில இருந்து ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வந்து முன்னுக்கு நிப்பாட்டுது, சனம் முதல்ல சந்தோசப்படுது, கொஞ்சக் காலத்தில அதே சனம் அதே ஆளத் திட்டுது, இது ஏன், இதில கட்சிக்காரர் கோவப்படுறது சரியா பிழையா. இதுதானே கேள்வி. நீங்க 2015 எலெக்சன ஸ்கூல் யூனிபோர்மோட பாத்திருப்பீங்க, நான் கொழும்பு வெள்ளவத்தையில இருந்துகொண்டு 1994 இல இருந்து ஒண்டும் விடாமப் புள்ளடி போட்டவன், அதால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

என்ர பதில முதல்லயே சொல்லிப்போடுறன். ஆள் வெளியாள் எண்டதில சனத்துக்குப் பிரச்சினையே இல்ல, இன்னும் சொன்னா வெளியாளெண்டா ஒரு ஆசைதான் வருது. இவர் ஆர் எண்டு கேட்டுத்தான் கை தட்டுறம். இவர ஆர் கூட்டி வந்தது, என்னத்துக்காகக் கூட்டி வந்தது எண்ட கேள்விய நாங்க லேட்டாத்தான் கேக்கிறம், அதுக்குப் பதில் தெரியவரேக்கதான் கோவம் வருது.

இன்னொண்டு, நான் தலைவர் எண்டு சொல்லுறது கட்சி யாப்பில எழுதியிருக்கிற தலைவர மட்டும் இல்ல. நம்மட இலங்கையில ஜனாதிபதி வேட்பாளர்தான் கட்சியின்ர முகம், முதலமைச்சர் வேட்பாளரும் அப்பிடித்தான். யூ.என்.பி, அதாவது ஐக்கிய தேசியக் கட்சி, 2010 இலயும் 2015 இலயும் தலைவர் கதிரையில ஒருத்தர வச்சுக்கொண்டு போஸ்டர்ல இன்னொருத்தர ஒட்டினது.

2010 ஐ எடுப்பம். யுத்தம் முடிஞ்சது 2009 மே மாசம். அதில ராணுவத் தளபதியா இருந்த சரத் பொன்சேகாதான் 2010 ஜனவரி 26 எலெக்சன்ல எதிர்க்கட்சியின்ர பொது வேட்பாளர். யுத்தம் முடிஞ்சு எட்டு மாசம் தம்பி, எட்டே எட்டு மாசம். வன்னியில சொந்தங்கள இழந்த ஆக்கள் எங்கட லேன்லயே இருந்தவை, இடம்பெயர்ந்த ஆக்கள அடைச்சு வச்ச மெனிக்பாம் முகாமில இன்னும் ஆக்கள் இருந்தவை. அந்த மனிசன் 2008 இல ஒரு கனடாப் பேப்பருக்கு இந்த நாடு சிங்கள ஆக்களுக்கு உரியது எண்டு தான் உறுதியா நம்புறன் எண்ட மாதிரிச் சொன்னதையும் நாங்க மறக்கேல்ல. அவருக்குத்தான் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வோட்டுப் போடச் சொன்னது. யூ.என்.பி, இடதுசாரிச் சிங்களக் கட்சியான ஜே.வி.பி, கூட்டமைப்பு மூண்டும் ஒரே ஆளுக்குப் பின்னால நிண்டது அதுக்கு முதல் நடந்ததே இல்ல.

சனத்தின்ர ரியாக்சன் எப்பிடி இருந்தது எண்டு வெளிநாட்டுக்காரர் எழுதினதுகள வாசிச்சா தமிழ் ஆக்கள் அவர ஏற்றுக்கொண்டிட்டினம் எண்ட மாதிரி இருக்கும், அது சரியில்ல. எங்கட வீட்டில அந்த ஒரு மாசமும் சாப்பாட்டு மேசையில சண்டை. அம்மா வோட்டே போடமாட்டன் எண்டு நிண்டவ. மாமா சொன்னார், ராஜபக்ச அண்ணன் தம்பி ஆட்சிய நிப்பாட்டோணும் எண்டா நிப்பாட்டக்கூடிய ஆளுக்குத்தானே போடோணும் எண்டு. கடைசியில நாலு பேரும் போய் பொன்சேகாவின்ர அன்னச் சின்னத்துக்குப் போட்டம், திரும்பி வரேக்க ஒருத்தரும் ஒருத்தரோட கதைக்கேல்ல. யாழ்ப்பாணத்தில வோட்டுப் போடப் போனதே நாலில ஒரு பங்கு ஆக்கள் மாதிரித்தான், போனவையில 60 வீதத்துக்கு மேல அவருக்குத்தான் போட்டவை. நாடு முழுக்கப் பாத்தா அவருக்கு 40 வீதம், அப்ப ஜனாதிபதியா இருந்த மகிந்த ராஜபக்சவுக்கு 57 வீதத்துக்கு மேல. அவருக்கு விழுந்த தமிழ் வோட்டெல்லாம் அவர் மேல நம்பிக்கையில விழுந்த வோட்டு எண்டு நினைச்சா நீங்க கேட்ட கேள்விக்குப் பதிலே கிடைக்காது. எலெக்சன் முடிஞ்சு ரெண்டு கிழமைக்குள்ள, பெப்ரவரி 8 ஆந் திகதி, அவரப் பிடிச்சுக்கொண்டு போச்சினம். கூட்டி வந்த கட்சிகள் கொஞ்ச நாள் ஊர்வலம் போச்சுதுகள், பொதுத் தேர்தல் வர ஆளாளுக்குத் தங்கட தங்கட வழியில போட்டுதுகள்.

இதில ஒரு சின்ன விசயம், ஆக்கள் கவனிக்கிறது குறைவு. 2005 இல யூ.என்.பி தலைவர் ரணில் கட்சிச் சின்னமான யானையில கேட்டவர். அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில யானை இல்ல. 2010 அன்னம், 2015 அன்னம், 2019 இல யூ.என்.பி நிப்பாட்டின சஜித்தும் அன்னம், 2024 இல ரணில் காஸ் சிலிண்டர். பரம்பரை பரம்பரையா யானைக்குப் புள்ளடி போட்ட கொழும்புச் சனத்துக்கு, கொட்டாஞ்சேனை மட்டக்குளிப் பக்கமெல்லாம் நான் சொல்லுறது, ஆள் மாறினது மட்டுமில்ல தங்கட சின்னமே சீட்டில இல்லாமப் போச்சு. படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு அன்னத்தப் படம் கீறிக் காட்டிப் பழக்கினவை. இதுகும் ஒரு ரியாக்சன்தான், பேப்பர்ல வராத ரியாக்சன்.

அடுத்தது 2015, இது முழுக்க வேற மாதிரி. மைத்திரிபால சிறிசேன மகிந்தவின்ர அரசாங்கத்தில சுகாதார அமைச்சர், மகிந்தவின்ர சுதந்திரக் கட்சியின்ர பொதுச் செயலாளர். முதல் நாள் இரவு மகிந்தவோட அலரி மாளிகையில அப்பம் சாப்பிட்டிட்டு அடுத்த நாள், 2014 நவம்பர் 21, வெளியில வந்து நான்தான் பொது வேட்பாளர் எண்டவர். அந்த அப்பக் கதைய சிங்களம் தமிழ் எண்டில்லாம எல்லாரும் மாசக்கணக்காக் கதைச்சவை, பஸ்ஸில போனா அப்பம், சலூனுக்குப் போனா அப்பம். யுத்தத்தின்ர கடைசி நாளுகள்ல பதில் பாதுகாப்பு அமைச்சரா இருந்ததும் இந்த மனிசன்தான், அதயும் எங்கட ஆக்கள் தெரிஞ்சுகொண்டுதான் போட்டவை. மகிந்த யாழ்ப்பாணத்துக்குப் போய், தெரியாத தேவதையை விட தெரிஞ்ச பேய் நல்லது, நான்தான் உங்களுக்குத் தெரிஞ்ச பேய் எண்டு தன்ர வாயாலயே சொன்னவர். யாழ் மாவட்டம் 74 வீதம் தெரியாத தேவதைக்குப் போட்டுது, மட்டக்களப்பில 80 வீதத்துக்கும் மேல. நாடு முழுக்க 51.28.

ஜனவரி 9 விடிய எங்கட ரோட்டில வெடி கொளுத்தினவை, நானும் போய் நிண்டனான். அந்தச் சந்தோசம் பொய்யில்ல, ஆக்களக் கடத்துற வெள்ளை வான் பயம் குறைஞ்சது, ஆக்கள் வாய் திறந்து கதைக்கத் தொடங்கினவை, அதுக்காக நான் இண்டைக்கும் அந்த வோட்டுக்கு வருத்தப்படேல்ல. ஆனா பாருங்கோ, யூ.என்.பி காரர் ராப்பகலா உழைச்சு வெல்ல வச்ச மனிசன், வெண்ட உடன சுதந்திரக் கட்சிக்குத் தலைவரா ஆயிட்டார். உழைச்சது ஒரு கட்சி, தலைவர் கிடைச்சது மற்றக் கட்சிக்கு. அங்கால சுதந்திரக் கட்சிக்காரருக்கோ அவர் காட்டிக் குடுத்திட்டுப் போன ஆள். அப்ப அவருக்கெண்டு ஆர் இருக்கினம்? 2018 ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு ரணில விலத்திப்போட்டு மகிந்தவையே பிரதமராக்கினாரே, அண்டைக்கு விடை கிடைச்சது. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி சந்தியில வந்து நிண்டு கத்தின ஆக்கள்ல கனபேர் 2015 இல அவருக்குப் போட்டவை, எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை தன்ர வாழ்க்கையில முதல் வோட்டே அவருக்குத்தான் எண்டு சொல்லி அழுதவ. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 13, அதுக்குப் பிறகு அவர் பாராளுமன்றத்தக் கலைச்சது பிழை எண்டு தீர்ப்புக் குடுத்துத்தான் அது அடங்கினது.

இப்ப ஏன் கூட்டி வந்தது எண்ட கேள்விக்கு வருவம். ரணில் 1994 முடிவில இருந்து கட்சித் தலைவர். 1999 இல தோத்தவர், 2005 இல ஒரு லட்சத்தி எண்பதாயிரம் வோட்டால தோத்தவர். மூண்டாந்தரமும் தோத்தா கதிரை போகும். கட்சிக்குள்ள இருக்கிற இன்னொருத்தர நிப்பாட்டி அவர் வெண்டா அப்பவும் கதிரை போகும். வெளியாள நிப்பாட்டினா வெண்டாலும் கட்சி தன்ர கையில, தோத்தாலும் தோத்தது அவர். இது என்ர வாசிப்பு, வேற மாதிரிச் சொல்லுற ஆக்களும் இருக்கினம், மகிந்தவின்ர சிங்கள வோட்ட உடைக்க வேற வழியில்ல எண்டினம், அதிலயும் உண்மை இருக்கு, 2015 இல அது நிரூபணமும் ஆச்சு. ஆனா ரெண்டு தரமும் ஒரே மாதிரி நடந்ததப் பாத்த பிறகு எனக்கு முதல் காரணம்தான் பெரிசாத் தெரியுது.

எனக்குப் பழக்கமான ஒரு அண்ணை கொட்டாஞ்சேனையில இருக்கிறார், வயசு 70 தாண்டிட்டுது. ஒரு பெரிய கட்சியின்ர கிளையில 30 வருசத்துக்கு மேல, கட்சி பேர் வேண்டாம், எல்லாத்திலயும் இதுதான் கதை. பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டினது, மழை வெள்ளத்தில வீடு வீடாப் போய் பாண் குடுத்தது, அடையாள அட்டைக்கு ஃபோம் நிரப்பிக் குடுத்தது எல்லாம் அவர்தான். ஒருக்கா மாநகர சபை எலெக்சனுக்கு கிளையெல்லாம் சேந்து இவற்ற பேர அனுப்பினது, நோமினேசனுக்கு முதல் நாள் இரவு அந்த வட்டாரத்தில ஒருத்தருக்கும் தெரியாத ஒரு வியாபாரியின்ர பேர் வந்திட்டுது. இவர் என்ன செய்தவர் தெரியுமோ, அடுத்த நாள் விடிய அந்த வியாபாரியின்ர போஸ்டரையும் இவர்தான் ஒட்டினவர். ஏன் அண்ணை எண்டு கேட்டன். "ஒட்டாட்டி நான் கட்சிக்காரன் இல்லை எண்டு ஆயிடும் தம்பி, ஒட்டினா ஆகக்குறைஞ்சது அவமானத்தோடயாவது உள்ளுக்க இருக்கலாம்" எண்டார். அந்தச் சொல்ல நான் இண்டு வரைக்கும் மறக்கேல்ல. வெளியாள் வாற நேரம் நாங்க எல்லாரும் மேடையப் பாக்கிறம், பசை வாளியோட நிக்கிற ஆள ஒருத்தரும் பாக்கிறேல்ல.

எங்கட பக்கக் கதைக்கு வாறன், இதுதான் எனக்குக் கிட்டின கதை. 2013 வடமாகாண சபை. முதலமைச்சர் வேட்பாளர் கூட்டமைப்பின்ர மாவை சேனாதிராசா அண்ணையா இருப்பார் எண்டுதான் கனபேர் நினைச்சவை, சின்ன வயசில இருந்து ஜெயில், போராட்டம் எண்டு கட்சிக்குள்ளயே வளந்தவர். கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா கொண்டுவந்தது விக்னேஸ்வரன் ஐயாவ. உச்ச நீதிமன்ற நீதியரசரா இருந்து 2004 இல ஓய்வெடுத்தவர், கொழும்பில பிறந்து றோயல்ல படிச்சு கொழும்பிலயே வாழ்ந்தவர், எலெக்சன் எண்டா என்னெண்டே தெரியாதவர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆக்களுக்கு அண்டைக்கு எவ்வளவு பெருமை எண்டு சொல்லேலாது, எங்கட ஆள் போறார் எண்ட மாதிரி. அதே நாள் யாழ்ப்பாணத்தில என்ர மச்சான் ஃபோன் எடுத்துச் சொன்னான், இஞ்ச செல்லடியில கிடந்தவன் ஒருத்தனும் கிடைக்கேல்லயோ, கொழும்பில ஏசிக்குள்ள இருந்தவர்தான் வேணுமோ, பிள்ளையள் சிங்களத்தில கல்யாணம் கட்டினவை எண்டு. நான் அவனோட கோவிச்சனான். இப்ப யோசிச்சா, பிள்ளையளின்ர கல்யாணத்த இழுத்தது பிழை, ஆனா முதல் சொன்னதில நியாயம் இருந்தது, நான் காது குடுத்துக் கேட்டிருக்கோணும்.

ஆனா வோட்டு என்ன சொன்னது தெரியுமோ? 2013 செப்டம்பர் 21. கூட்டமைப்புக்கு 38 இல 30 ஆசனம். கட்சிக்குள்ள ஆளுக்கெண்டு போடுற விருப்பு வாக்கில விக்னேஸ்வரன் ஐயா 132,255. ரெண்டாவது ஆர்? அனந்தி சசிதரன், 87,870. சரணடைஞ்ச கணவனத் தேடிக்கொண்டு நிண்ட ஒரு மனிசி, அவவும் கட்சிக்கு வெளியில இருந்து வந்தவ. அப்ப முதலாமிடமும் ரெண்டாமிடமும் வெளியாக்கள், கட்சிக்குள்ள காலங்காலமா இருந்தவை எல்லாம் அதுக்குக் கீழ. ஒருத்தர் கொழும்பு நீதியரசர், மற்றவ போரில இருந்து வந்தவ, ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த ஒரே விசயம் அவை பழைய கட்சிக்காரர் இல்ல எண்டதுதான். சனம் கட்சிக்குப் போட்டுக்கொண்டே கட்சிக்குச் சூடும் போட்டது. இத அண்டைக்கே தலைமை வாசிச்சிருக்கோணும், அவை 30 ஆசனத்த எண்ணிக்கொண்டு இருந்திட்டினம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர் கட்சி சொன்னபடி கேக்கேல்ல, 2015 பெப்ரவரியில தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை எண்டு மாகாண சபையில தீர்மானம் கொண்டுவந்தார். கட்சிக்குள்ள அவருக்கெண்டு ஒரு கிளை இல்ல, ஒரு வட்டாரம் இல்ல, கூட்டி வந்த ஆக்களோட பிணக்கு வந்தா திரும்பிப் பாக்க ஆள் இல்ல. 2017 ஜூன்ல ரெண்டு அமைச்சர விலகச் சொன்ன பிரச்சினையில கூட்டமைப்பின்ர பெரிய கட்சியான தமிழரசுக் கட்சி உறுப்பினர்மாரே அவருக்கு எதிரா நம்பிக்கையில்லாத் தீர்மானத்தக் குடுத்தவை. அப்ப யாழ்ப்பாணத்தில சனம் கடைய அடைச்சு அவருக்காக ரோட்டுக்கு வந்தது. இங்கதான் பாருங்கோ, நாலு வருசத்துக்கு முதல் அவர வெளியாள் எண்டு ஏசின என்ர மச்சானும் அந்த ஊர்வலத்தில போனவன். ஏன் எண்டு கேட்டா, "அவர் பிழை விட்டா நாங்க கேப்பம், கூட்டி வந்த நீங்களே கழுத்தில பிடிச்சுத் தள்ளுறதோ" எண்டான். கோவம் ஆள விட்டுட்டு, கூட்டி வந்த ஆக்கள் மேல திரும்பிட்டுது.

2018 இல அவர் தனிக் கட்சி தொடங்கினார், 2020 இல பாராளுமன்றத்துக்கு வெண்டார், ஆனா விருப்பு வாக்கு 21 ஆயிரத்துச் சொச்சம். ஒரு லட்சத்தி முப்பத்திரெண்டாயிரத்தில இருந்து இவ்வளவுக்கு வந்தது அவற்ற நிர்வாகக் குறையாலயும்தான், மாகாண சபையில செய்திருக்கக்கூடிய கனக்க வேலை செய்யப்படேல்ல, அத மறைச்சுக் கதைக்க எனக்கு விருப்பமில்ல.

மகிந்தவின்ர தம்பி கோத்தாபய கதைய சுருக்கமாச் சொல்லுறன். சிங்கள நண்பர்மாருக்கு 2019 இல அவர் அரசியல்வாதி இல்லாத ஆள், அதுதான் அவற்ற பெரிய தகுதி, அதுக்கு முதல் ஒரு எலெக்சனும் கேட்டதில்ல. வெண்ட கையோட இளம் பிள்ளையள் தூரிகையோட வந்து கொழும்பு மதில் எல்லாம் படம் கீறினதுகள், நானும் நிண்டு பாத்தனான், உண்மையில அழகாக் கீறினதுகள், அதுகளின்ர ஆசை உண்மையான ஆசை. எங்களுக்கு மட்டும் அவர் வெளியாள் இல்ல. 2007 ஜூன் 7 விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகள்ல இருந்த 376 தமிழ் ஆக்கள பஸ்ஸில ஏத்தி அனுப்பின நேரம் பாதுகாப்புச் செயலாளர் ஆர் எண்டு வெள்ளவத்தையில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்குப் புது முகம், இன்னொருத்தருக்கு நல்லாப் பழகின முகம். 69 லட்சம் வோட்டு எடுத்தவர் 2022 ஜூலை 13 நாட்ட விட்டுப் போனார். பிறகு ராஜபக்சக்களின்ர மொட்டுக் கட்சி, பாராளுமன்றத்தில தனி ஒரு ஆளா இருந்த ரணில 134 வோட்டால ஜனாதிபதியாக்கினது, அதில சனத்தின்ர ரியாக்சன் எண்டு கேக்கவே தேவையில்ல, காலி முகத்திடல்ல அரசாங்கத்துக்கு எதிராப் போராடிக்கொண்டு நிண்ட பிள்ளையள ரெண்டு நாளில அடிச்சுக் கலைச்சவை.

சரி, எல்லா இடமும் இப்பிடித்தானோ எண்டு கேப்பீங்க. என்ர அக்கா கனடாவில ஸ்காபரோவில இருக்கிறா. 2025 மார்ச்சில அங்க லிபரல் கட்சி மார்க் கார்னியத் தலைவராத் தெரிவு செய்தது, அந்த மனிசனும் அதுக்கு முதல் ஒரு எலெக்சனும் கேட்டதில்ல, கனடாவிலயும் இங்கிலாந்திலயும் மத்திய வங்கி ஆளுநரா இருந்தவர், நல்ல அசல் வெளியாள். ஆனா கட்சிக்காரர் வோட்டுப் போட்டு 85.9 வீதத்தால தெரிவு செய்தவை. 14 வயசு தாண்டின பிரஜையோ நிரந்தர வதிவிடக்காரரோ காசு கட்டாமலே பதிஞ்சு போடலாம், அக்கா ஃபோன்லயே போட்டிட்டன் எண்டு சொன்னவ. அங்கயும் பிடிக்காத ஆக்கள் இருந்தவை, பாங்க்காரன் எண்டு ஏசினவை, ஆனா எங்களக் கேக்கேல்ல எண்டு சொல்ல உள்ளுக்க ஒருத்தருக்கும் இடம் இருக்கேல்ல. அடுத்த மாசமே பொதுத் தேர்தல், அதே கட்சிக்காரர் வீடு வீடாப் போய் உழைச்சவை, கட்சி வெண்டுது.

கட்சிக்காரர் வோட்டுப் போட்டுத் தலைவரத் தெரிவு செய்யிறது இஞ்சயும் நடக்கும் எண்டதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 2024 ஜனவரி 21 திருகோணமலையில தமிழரசுக் கட்சித் தலைவருக்கு உறுப்பினர்மார் வோட்டுப் போட்டவை, சிறீதரன் 184, சுமந்திரன் 137. சுமந்திரன் 2010 இல, வோட்டுக் கேக்காம கட்சி பேர் குடுக்கிற தேசியப் பட்டியலால பாராளுமன்றத்துக்கு வந்தவர், அதுக்குப் பிறகு ரெண்டு தரம் யாழ்ப்பாணத்தில வெண்டும் 14 வருசத்துக்குப் பிறகும் அவரக் கொழும்பு லோயர் எண்டுதான் சனம் சொல்லிக்கொண்டு இருந்தது. அண்டைக்கு எங்கட வீட்டில எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கிற மாதிரி ஃபோனப் பாத்துக்கொண்டு இருந்தம். பிறகு அந்தத் தெரிவே கோட்டுக்குப் போச்சு, அது வேற கவலை. ஆனா 137 எண்ட ஒரு நம்பர் கையில இருந்தது, தோத்தவருக்கும் ஒரு மரியாதை இருந்தது, மேல இருந்து ஒரு பேர் வந்து விழுந்தா அது கிடைக்காது.

அதால கட்சிக்காரர் கோவப்படுறது சரியோ எண்டா, ஓம், சரிதான். வெளியாள் வரக்கூடாது எண்டு நான் சொல்லேல்ல. சில நேரம் உள்ளுக்க இருக்கிற ஆக்கள் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கொண்டே நிக்கினம், அப்ப வெளியாள் வந்தாத்தான் மூச்சு விடலாம். கொலை செய்யப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்கவின்ர மனைவி சிறிமாவோ அம்மையாரும் 1960 இல அப்பிடி வந்தவதானே, வீட்டில இருந்தவ, ஆனா மார்ச் எலெக்சன்ல வேட்பாளரா இல்லாமலே சுதந்திரக் கட்சிக்காக ஊர் ஊராப் போய்ப் பேசினவ, தலைவரானது அதுக்குப் பிறகு, ஜூலையில உலகத்திலயே முதல் பெண் பிரதமர். அவவின்ர ஆட்சியில எங்களுக்கு நடந்ததுகள் வேற கதை, நான் சொல்லுறது கட்சிக்காரர் ஏன் அவவ ஏற்றுக்கொண்டவை எண்டத மட்டும்.

நீங்க இளம் ஆள், இனியும் இப்பிடி ஒரு பேர் வரும், வந்த உடன ஃபோன்ல வீடியோவும் வரும், நல்ல படிப்பு, நல்ல பேச்சு எண்டு மனசு இழுக்கும். அப்ப நீங்க உங்கட வட்டாரத்தில அந்தக் கட்சிக்கு நோட்டீஸ் குடுக்கிற ஆள் ஆரெண்டு தேடிப் பிடிச்சு, உங்களக் கேட்டவையோ எண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ. கொட்டாஞ்சேனை அண்ணைக்கு அந்த வியாபாரி வெண்ட பிறகு ஒரு நாள் ஒரு மணித்தியாலம் கிளைக்கு வந்து இருந்திருந்தாப் போதும், அவர் வரவே இல்ல. அடுத்த எலெக்சனுக்கு அண்ணை பசை காய்ச்சேல்ல.